சாவா மூவா

(தேவதானப்பட்டி, மாசி மகா சிவராத்திரி விழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



மாசித் திங்களின் தேய்பிறைப் பதினான்காம் நாள் இது. நான்கு யாமமும் கண் விழித்திருந்து சிவபெருமான் திருவடியைச் சிந்திக்கும் நல்லிரவு. கொடைக்கானல் மலையினின்று இறங்கிவரும் மஞ்சளாற்றின் கரையில், மூங்கிலணைக் காமாட்சியம்மையின் திருமுன்னர்க் கூடியிருக்கின்றோம். இவ்வூரின் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். தேவதானம் என்பது கோயிலுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்திற்குக் கல்வெட்டுகள் வழங்கும் பெயர். அச்சொல்லையே தன் பெயராகத் தாங்கி நிற்கின்றது தேவதானப்பட்டி. இன்று அடியேன் சொல்லப்போகும் பொருளுக்கும் இப்பெயருக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதனை முடிவில் காண்போம்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் பள்ளியிலே ஆங்கிலம் பயில்கின்றார்கள். அவர்கள் பாடத்தில் ‘இம்மார்ட்டல்’ என்றொரு சொல் வருகின்றது. ‘இறவாத’, ‘சாவில்லாத’ என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்கின்றார்கள். “கடவுள் இம்மார்ட்டல், ஆன்மா இம்மார்ட்டல்” என்று வாக்கியமும் அமைக்கின்றார்கள். அச்சொல் எங்கிருந்து வந்தது? அது சொல்லுவது என்ன? சொல்லாமல் விடுவது என்ன? நம் சைவம் அதற்கு மேல் என்ன சொல்லுகின்றது? இவற்றையே இவ்விரவில் சிந்திக்க விழைகின்றேன்.

சொல்லின் பிறப்பு

இம்மார்ட்டல் என்பது இலத்தீன் மொழியினின்று ஆங்கிலத்திற்கு வந்த சொல். இலத்தீனில் ‘மோர்ஸ்’ என்றால் சாவு. ‘மோர்ட்டாலிஸ்’ என்றால் சாவுக்கு உட்பட்டது. அதன் முன்னே ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து, மகரத்தின் முன் ‘இம்’ எனத் திரிந்து, ‘இம்மோர்ட்டாலிஸ்’ என்றாயிற்று. சாவுக்கு உட்படாதது என்பது பொருள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியளவில் அச்சொல் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது.

இதன் உறவுச் சொற்களை ஆங்கிலம் அறியாதவரும் அறிவர். அரசு மருத்துவமனையில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்கின்றார்கள். சாவுக்குப் பின் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ‘மார்ச்சுவரி’ என்கின்றார்கள். அதுவும் இக்குடும்பத்துச் சொல்லே. நிலத்தையும் வீட்டையும் ஈடு வைத்துக் கடன் வாங்குவதை ‘மார்ட்கேஜ்’ என்கின்றோம். அது பழைய பிரெஞ்சு மொழியினின்று வந்தது. ‘செத்த ஈடு’ என்பது அதன் பொருள். கடன் தீராவிடில் நிலம் உடையவனுக்குச் செத்தது; தீர்ந்துவிட்டால் ஈடு கடன் கொடுத்தவனுக்குச் செத்தது என்று அந்நாட்டுச் சட்ட நூலார் விளக்கம் கூறினர்.

இனி, இலத்தீனுக்கும் அப்பால் செல்வோம். 1786ஆம் ஆண்டில் கல்கத்தா நகரத்து ஆசியக் கழகத்தில் சர் வில்லியம் ஜோன்ஸ் என்பவர் ஓர் உரையாற்றினார். வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாதல் வேண்டும் என்று அவ்வுரையிலே கூறினார். அதன்பின் மொழி நூலார் ஆய்ந்து கண்ட சான்றுகளுள் நம் சொல்லும் ஒன்று. இலத்தீனில் ‘மோர்ஸ்’, வடமொழியில் ‘மிருத்யு’, ‘மரணம்’. இலத்தீனில் ‘இம்மோர்ட்டாலிஸ்’, வடமொழியில் ‘அம்ருதம்’, ‘அமரர்’. கிரேக்கத்தில் ‘அம்ப்ரோட்டோஸ்’. ‘ப்ரோட்டோஸ்’ என்றால் இறக்கும் இயல்பினனாகிய மனிதன். ‘அம்ப்ரோட்டோஸ்’ என்றால் இறவாதவன். அச்சொல்லினின்று பிறந்ததே, கிரேக்கர் தம் தேவர்களுக்கு உணவாகச் சொன்ன ‘அம்ப்ரோசியா’. ஆகவே நம் புராணம் கூறும் அமிர்தமும், கிரேக்கர் கதைகள் கூறும் அம்ப்ரோசியாவும், பள்ளிப் பிள்ளை எழுதும் இம்மார்ட்டலும் ஒரே வேரின் மூன்று கிளைகள் என்க.

கிரேக்கர் தம் தேவர்களின் பானத்தை ‘நெக்டார்’ என்றனர். ‘நெக்’ என்பது சாவு என்றும், ‘தார்’ என்பது கடத்தல் என்றும், சாவைக் கடத்துவது என்பதே அச்சொற்பொருள் என்றும் மொழி நூலார் கருதுவர். ‘தாரக மந்திரம்’ என்கின்றோமே, ஆங்குள்ள ‘தார’ என்பதும் இக்கடத்தற் பொருளதே. திருவைந்தெழுத்தைத் தாரகம் என்று பெரியோர் போற்றியதன் நயத்தை உள்ளத்திற் கொள்ளுங்கள்.

தமிழோ இக்குடும்பத்தைச் சார்ந்த மொழி அன்று. 1816இல் சென்னையில் ஆட்சியாளராயிருந்த எல்லிஸ் துரையும், 1856இல் தம் ஒப்பிலக்கண நூலை வெளியிட்ட கால்டுவெல் ஐயரும் தென்மொழிகள் தனிக்குடும்பம் என்பதனை உலகிற்குக் காட்டினர். அமிழ்து, அமுது என்பன வடசொல்லின் வழிவந்தவை என்பார் பலர். தமிழ்ச் சொற்களே என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி நிற்க. சாதல் என்பதற்கும், மூத்தல் என்பதற்கும் தமிழில் தனி வேர்கள் உள. அவ்வேர்களினின்று தமிழர் ஒரு சொற்றொடரை ஆக்கினர். அதனைப் பின்னர்க் காண்போம்.

சாவாமை மட்டும் போதுமா?

இம்மார்ட்டல் என்னும் சொல் ‘சாவு இல்லை’ என்று மட்டும் சொல்லுகின்றது. அது போதுமா? போதாது என்பதற்குக் கிரேக்கர்களே ஒரு கதை சொன்னார்கள்.

வைகறைத் தெய்வமாகிய ஈயோஸ் என்பவள் தித்தோனஸ் என்னும் மானிட இளைஞனைக் காதலித்தாள். தேவர் தலைவனிடம் சென்று, “இவனுக்குச் சாவில்லாமை அருள்க” என வேண்டினாள். அவ்வரமும் கிடைத்தது. ஆனால் இளமை நீங்காமையைக் கேட்க மறந்துவிட்டாள்! ஆண்டுகள் கழிந்தன. தித்தோனசுக்கு நரை வந்தது, திரை வந்தது, எழுந்து நிற்கும் வலியும் போயிற்று. சாவு மட்டும் வரவில்லை. குரல் ஒன்றே எஞ்ச, ஓர் அறையில் வைத்துக் கதவை அடைத்தாள். இறுதியில் அவன் சிள்வண்டாய்ப் போனான் என்றும் சொல்லுவர்.

இக்கதையைக் கேட்டு நகைக்க இயலுமா? நம்மில் எத்தனை இல்லங்களில், கட்டிலோடு கட்டிலாய்ப் பல்லாண்டு கிடந்து, “என்னை ஏன் இன்னும் அழைத்துக்கொள்ளவில்லை” என்று கலங்கும் முதியோரைக் காண்கின்றோம்! நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் காலத்தில் இந்நாட்டு மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. இன்று அது 70 ஆண்டு அளவினது. மருத்துவர்களும், நல்ல குடிநீரும், தடுப்பூசியும், உணவும் தந்த பேறு இது, போற்றத் தக்கது. ஆனால் ஆண்டுகள் இரட்டித்த அளவிற்கு அமைதியும் இரட்டித்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும் அன்றோ?

ஆகவேதான் அறிவுடையோர் இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். கிரேக்கப் பெருங்கவிஞர் ஹோமர் தேவர்களைச் ‘சாவும் மூப்பும் இல்லாதவர்’ என்று சேர்த்தே கூறுவார். வடமொழியாளரும் ‘அஜரம்’, ‘அமரம்’ என்று இணைத்தே கூறுவர். நம் நாட்டுப் பெரியவர்கள், வணங்கிய பிள்ளைகளை வாழ்த்தும்போது “என்றும் பதினாறாய் இரு” என்கின்றார்கள். நூறாண்டு என்பதற்கு மேலே பதினாறைச் சொல்லுவானேன்? மார்க்கண்டேயனை நினைத்தே அவ்வாறு கூறினர்.

கடவூரின் பாடம்

திருக்கடவூர்த் தலம் நீவிர் அறிந்ததே. அறுபதாண்டு நிறைவிலும் எண்பதாண்டு நிறைவிலும் மணிவிழாக் காண நம் பக்கத்தாரும் அங்குச் செல்கின்றனர். தேவர்கள் கடைந்தெடுத்த அமிர்தக் குடமே ஆங்குச் சிவலிங்கமாயிற்று என்பது தலபுராணம். அதனால் இறைவர்க்கு அமிர்தகடேசர் என்று திருநாமம்.

பதினாறு ஆண்டே ஆயுள் என விதிக்கப்பட்ட மார்க்கண்டேயன், இறுதி நாள் வந்தபோது என் செய்தான்? நாளை எண்ணி அழுதானா? இல்லை. வழக்கம் போல வழிபட்டுக்கொண்டிருந்தான். காலன் பாசத்தை வீசினான். பாலன் இலிங்கத்தைத் தழுவினான். இறைவன் வெளிப்பட்டுக் காலனை உதைத்தருளினான். பதினாறு வயது பதினாறாகவே நின்றது. சாவாமையும் மூவாமையும் ஒருங்கே எய்தின. அவன் ஆண்டுகளைக் கேட்டு இவற்றைப் பெறவில்லை. பற்றுக்கோட்டைப் பற்றியதனால் பெற்றான்.

இக்கதை இவ்வளவோடு நின்றுவிடவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றோம். காலன் வீழ்ந்தபின் உலகில் சாவு நின்றுவிட்டது. பிறந்தோர் பிறந்தவண்ணம் பெருக, மண்மகள் பொறை தாங்காது இறைவனிடம் முறையிட்டாள். இறைவன் காலனை மீண்டும் எழுப்பி, அவன் தொழிலை அவனுக்கே அளித்தான் என்று புராணம் கூறும். காலனை உதைத்த திருவடியே காலனை எழுப்பியும் விட்டது! உடலுக்குச் சாவு வருதல் இறைவனின் பிழையன்று. அதுவும் அவன் அருளாணையின் ஒரு பகுதி என்பதே இதன் உட்கிடை.

தேவர்களின் செய்தியும் இத்தகையதே. பாற்கடலில் அமிர்தம் தோன்றுமுன் நஞ்சு தோன்றியது. அமிர்தத்தை வேண்டிய அனைவரும் ஓடினர். சிவபெருமான் ஒருவனே நஞ்சை ஏற்றான். இச்சிவராத்திரி அந்நிகழ்ச்சியின் நினைவே என்று கூறும் வழக்கும் உண்டு. சைவர்களின் கணக்கிலே, அமிர்தம் உண்டு அமரர் எனப் பெயர் பூண்ட தேவர்களும் ஊழி முடிவில் ஒடுங்குகின்றனர். நஞ்சுண்டவனோ ஊழிதோறும் ஊழிதோறும் நிற்கின்றான். இறவாமைக்கு மருந்து உண்டவர் இறக்கின்றனர். பிறர் பொருட்டுச் சாவைத் தன் மிடற்றிலே ஏற்றவன் இறவாதிருக்கின்றான். தனக்கென வேண்டிய இறவாமை நில்லாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா?

உயிர் முன்னரே இறவாதது

இனிச் சித்தாந்த நெறியை நோக்குவோம். மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே கொண்ட சிறு நூல். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது அந்நெறியின் அடிப்படை. அநாதி எனின் தொடக்கம் இல்லாதது. உயிரை இறைவன் ஒருநாள் புதிதாகப் படைத்தான் என்று நாம் சொல்லுவதில்லை. உயிர் என்றும் உள்ளது, இனியும் உள்ளது.

அப்படியானால், “ஆன்மா இம்மார்ட்டல்” என்று எழுதிய பிள்ளை தவறொன்றும் எழுதவில்லை. ஆனால் பாதியே எழுதியிருக்கின்றான். உயிருக்குச் சாவில்லை என்பது மகிழ்தற்குரிய செய்தியா, அஞ்சுதற்குரிய செய்தியா? ஆணவம் நீங்காத உயிர் சாவில்லாமல் இருந்தால், அது பிறந்து பிறந்து உழல்வதற்கன்றோ அச்சாவாமை பயன்படும்? சிறையில் இருப்பவனுக்கு நீண்ட ஆயுள், நீண்ட சிறையாகவே முடியும். ஆதலின் சைவன் கேட்க வேண்டியது சாவாமை அன்று. அது முன்னரே அவனிடம் உள்ளது. கேட்க வேண்டியது பிறவாமை.

இதனைத் தெளிவாகக் கேட்டவர் காரைக்கால் அம்மையார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தில் இச்செய்தியைக் காணலாம். கயிலையில் இறைவன் “வேண்டுவது என்?” என வினவ, அம்மையார் முதலில் நீங்காத அன்பை வேண்டினார், பின்பு பிறவாமையை வேண்டினார், ஒருகால் பிறப்பு உண்டாயின் உன்னை மறவாமை வேண்டும் என்றார், பின் ஆடும் திருவடியின் கீழ் மகிழ்ந்து பாடியிருக்க வேண்டும் என்றார். இளமையையும் அழகையும் தாமே உதறிப் பேய் வடிவு வேண்டிப் பெற்ற தாய் அவர். அவருடைய வேண்டுதலில் நீண்ட ஆயுள் எங்கேனும் வருகின்றதா? இல்லை. பிறவா, மறவா என்ற இரு சொற்களிலே நம் சமயத்தின் முழு விண்ணப்பமும் அடங்கிவிட்டது.

அமுது சோறான கதை

இறவாமைப் பொருளுடைய அமுது என்னும் சொல்லைத் தமிழ் என்ன செய்தது என்பதையும் பாருங்கள். கிரேக்கரின் அம்ப்ரோசியா தேவர் உண்கலத்திலேயே நின்றது. தமிழிலே அது இறங்கி வந்து சோறாயிற்று, பாலாயிற்று. கோயிற் கல்வெட்டுகளில் திருவமுது, நெய்யமுது, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று வருகின்றன. அடியாரை ‘அமுது செய்ய’ அழைக்கின்றோம். பசித்தவன் இலையில் விழும் சோற்றுக்கு இறவாமையின் பெயரை வைத்த மொழி நம் மொழி.

திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்திலே, இறவாமை தரும் மருந்தே ஆயினும் விருந்தினர் புறத்திருக்கத் தான் மட்டும் உண்ணுதல் தகாது என்றார். இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாத சான்றோர் இருத்தலால் இவ்வுலகம் நிலைத்திருக்கின்றது என்று, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியன் புறநானூற்றிலே கூறினான். அதியமான், நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். அதனை உண்டிருந்தால் சில ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருப்பான். ஈந்ததனால் இன்றும் நம் நாவில் வாழ்கின்றான்.

திருமூலர் மூவாயிரம் ஆண்டு வாழ்ந்து, ஆண்டுக்கொரு பாடலாகத் திருமந்திரம் அருளினார் என்பது மரபு. அவ்வாழ்வு எவ்வாறு தொடங்கியது? சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று கதறின. அக்கதறலைப் பொறாது யோகியார் அவன் உடலிற் புகுந்தார். தமக்கு ஆயுள் வேண்டிப் புகவில்லை. பசுக்களின் துயர் தீரப் புகுந்தார்.

நம் காலத்திற்கு அணித்தாக வாழ்ந்த வடலூர் இராமலிங்க வள்ளலார் மரணமிலாப் பெருவாழ்வைப் பேசினார். அவர் 1874ஆம் ஆண்டு தைப்பூச நாளில் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் திருக்காப்பிட்டுக்கொண்டார் என்பது யாவரும் அறிந்தது. அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பை மூட்டினார். அணையாமல் காக்கப்பட்டு வரும் அவ்வடுப்பு இன்றும் பசித்தோர்க்குச் சோறு ஆக்குகின்றது. இறவாமையை மிகுதியாகப் பேசியவர், அதற்கு முன்பே பசித்தவனுக்கு அடுப்பு மூட்டினார் என்பது கருதத்தக்கது.

சாவா மூவாப் பேராடு

இனி, முன்னர்ச் சொன்ன தமிழ்த் தொடருக்கு வருவோம். சோழ பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளிலே, கோயிலுக்கு விளக்கு வைத்த செய்தி பலவிடத்தும் காணப்படுகின்றது. அவ்விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். நந்துதல் என்றால் கெடுதல். நந்தா என்றால் கெடாத. அவ்விளக்கு எரிய நெய் வேண்டும். நெய்க்கு ஆடு வேண்டும். ஆகவே விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கோயிலுக்கு அளித்தனர். 1010ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலில், விளக்கு ஒன்றுக்கு ஆடு 96; அவற்றைப் பெற்ற இடையர் ‘ஆடவல்லான்’ என்னும் அளவையால் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். உழக்கு என்பது நாழியில் நாலில் ஒன்று. நெய்யளக்க வேண்டிய இடையர் பெயரும் அவர்தம் உறவினர் பெயரும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

அவ்வாடுகளுக்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘சாவா மூவாப் பேராடு’! சாகாத, மூப்படையாத பெரிய ஆடுகள். இலக்கணத்தில் இதனை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பர். ஹோமர் தம் தேவர்களுக்குச் சொன்ன இரு பண்புகளையும் நம் முன்னோர் ஆட்டு மந்தைக்குச் சொல்லிவிட்டார்கள்!

ஆடு சாகாதா? மூப்படையாதா? ஒவ்வோர் ஆடும் மூத்தது. ஒவ்வோர் ஆடும் செத்தது. ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையவில்லை. கிழ ஆடு கழிந்தால் குட்டி அவ்விடத்தை நிரப்ப வேண்டும். இடையன் முதிர்ந்தால் அவன் மகன் கோல் ஏந்த வேண்டும். சந்திராதித்தர் உள்ளவரை உழக்கு நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். இதுவே ஒப்பந்தம். சாவை ஒழித்து வந்த சாவாமை அன்று இது; சாவை உள்ளடக்கியே நிற்கும் சாவாமை. ஒன்று மறைய மற்றொன்று அப்பணியை ஏற்பதால் வரும் சாவாமை.

இவ்விடத்து ஆங்கில நாட்டுச் சட்டச் சொல் ஒன்றை ஒப்பிட்டுக் காண்க. அங்கும் சமய நிறுவனங்களுக்கு என்றென்றைக்குமாக நிலம் விடும் வழக்கு இருந்தது. அந்நிலம் மீண்டும் யார் கைக்கும் வருவதில்லை. அரசனுக்கு வரவேண்டிய வரிசைகளும் நின்றுபோயின. அதனால் அதனை ‘மார்ட்மெயின்’ என்றனர். ‘செத்த கை’ என்பது பொருள். 1279ஆம் ஆண்டிலே முதலாம் எட்வர்டு அரசன் அதனைத் தடுக்கச் சட்டமே இயற்றினான். என்றென்றைக்குமான கொடையை அவர்கள் செத்த கை என்றார்கள். நம்மவர் சாவா மூவா என்றார்கள்.

இதனைக் கேட்டுப் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடலாகாது. அவர்கள் சொன்னதிலும் உண்மை உண்டு. கொடுத்தவன் மறைந்து, காப்பவன் கவலையற்று, பெற்றவன் பொறுப்பற்றுப் போனால், எந்த அறக்கட்டளையும் செத்த கையே. எண்ணெய்க்கென்று விட்ட நிலத்தின் வருவாய் எங்கோ போக, விளக்கு அவிந்து கிடக்கும் கோயில்கள் நம் நாட்டில் இல்லையா? கல்வெட்டு சுவரில் நிற்கும். விளக்கு மாடத்தில் இருள் நிற்கும். கல்லில் எழுதிய சாவாமை தானே நிற்பதில்லை. உழக்கு நெய்யை அளக்கும் ஓர் உயிருள்ள கை நாள்தோறும் வேண்டும். தேவதானம் செத்த கையாவதும் சாவா மூவா ஆவதும் நம் கையிலே இருக்கின்றது.

நம் கடன்

அன்பர்களே! இவ்வூர்த் திருக்கோயிலிலே கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்கே பூசை. ஆற்று வெள்ளத்தில் வந்த பெட்டியை மூங்கில் அணைபோல் தடுத்து நிறுத்தியது என்று தலவரலாறு கூறும். அப்பெட்டிக்குள் என்ன என்று கேட்பாரில்லை. கதவின் முன் நெய்விளக்கை ஏற்றுகின்றோம். அடியார்கள் குடங்குடமாய் நெய்யைக் காணிக்கையாகக் கொணர்கின்றனர். இதைக் காணுந்தோறும் அடியேனுக்கு ஓர் எண்ணம் தோன்றும். சாவுக்கு அப்பால் உள்ளதும் அடைத்த கதவே. அதனைத் திறந்து காட்டு என்று நாம் வழக்காட வேண்டுவதில்லை. உள்ளே இருப்பவள் தாய் என்பது தெரியும். கதவின் இப்புறத்து விளக்கைக் காப்பதே நம் கடன்.

அக்கடனை மூன்றாக வகுத்துக் கூறுகின்றேன். ஒன்று, நம் தெருவில் உள்ள கோயிலில், பேர் பெற்றதாயினும் பேரற்றதாயினும், ஒரு விளக்கு அணையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தம் பெயரைக் குழல்விளக்கில் எழுதி ஒளியை மறைப்பதினும் நாள்தோறும் ஒருகரண்டி நெய் வார்ப்பது மேல். இரண்டு, ஒரு தேவாரப் பதிகமேனும் நம் பிள்ளைக்கோ பேரனுக்கோ நாமே வாயால் சொல்லிக் கொடுங்கள். நாம் கழிந்தபின் அவ்விடத்தை நிரப்பும் குட்டி அதுவே. மூன்று, வீட்டில் மூப்பால் தளர்ந்து கிடக்கும் பெரியோரின் அருகே அமர்ந்து இரண்டு சொல் பேசுங்கள். தித்தோனசை அறையில் அடைத்துக் கதவைச் சாத்தியது போல அவர்களைச் சாத்திவிடாதீர்கள். அவர் காதில் சிவநாமம் விழுமானால், சாவாமை தர இயலாத மருத்துவமும் தராத மூவாமையை அவர் உள்ளம் பெறும்.

இவ்விரவு நான்கு யாமம் விழித்திருப்போம். முதல் யாமத்தில் வார்த்த நெய் நான்காம் யாமம் வரை வாராது. யாமந்தோறும் எவரேனும் எழுந்து வார்த்தல் வேண்டும். தாத்தா வார்த்த திரியில் பேரன் வார்ப்பான். கை மாறும், சுடர் மாறாது. நாளைப் பள்ளி செல்லும் பிள்ளை இம்மார்ட்டல் என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டால், ‘சாவில்லாத’ என்று சொல்லிவிட்டு, அதன் பக்கத்திலே ‘சாவா மூவா’ என்றும் எழுதச் சொல்லுங்கள். அதன் பொருளை இம்மாடத்து விளக்கிலே காட்டுங்கள்.

பிறவாமை நமக்கு இப்பிறப்பிலேயே கிட்டுமோ, அது அவன் திருவுள்ளம். மறவாமை நம்மால் இயன்றது. அதனை அருளுமாறு அம்மையப்பர் திருவடிகளை வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.